நுழைவுக் கட்டணம் ஒரு வெள்ளி

ஜேஜு தீவுக்கு எடுத்த மூன்று டிக்கெட்டுக்கும்
பாதிப் பணம்தான் திரும்பி வந்தது.
மீதி எங்கே போனதென்று
விமான நிறுவனமும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நித்திலனிடம் சொன்னேன்:
எரிமலை எங்கேயும் ஓடிவிடாது,
அடுத்த டிசம்பர் பார்க்கலாம்.
"ஓடும்மா.
ஓடினதாலதான் குகையே வந்துச்சு."

எட்டு வயது.

சனிக்கிழமை சாங்கியில்
படகுக்குப் பன்னிரண்டு பேர் சேரும்வரை உட்கார்ந்திருந்து
உபின் தீவுக்குக் கூட்டிப்போனேன்.
அதுவும் தீவு, அங்கேயும் கல்.
பழைய குவாரியில் பச்சைத் தண்ணீர்,
எட்டாத தூரத்தில் நாரைகள்,
எட்டிப் பார்க்காதே என்று வேலி.
கருங்கல்லைப் பற்றிய பலகையை
அவன் கடைசி வரிவரை வாசித்தான்.
"இது வெளியே வரவே இல்லையாம்மா.
பூமிக்குள்ளேயே இருந்து
உள்ளேயே ஆறிப்போச்சாம்."
குரலில் ஏமாற்றம்.
அதற்குள் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே போனதால்
திரும்பும் படகில் பன்றியைப் பற்றியே பேசினோம்.

ஞாயிறு மதியம். புங்கோல். பதினான்காம் மாடி.
மூங்கில் கழியில் துணி கோத்துவிட்டு வருகிறேன்,
பாம் ஷெல்ட்டரின் இரும்புக் கதவில்
ஒரு காகிதம்:
எரிமலைக் குகை.
நுழைவுக் கட்டணம் ஒரு வெள்ளி.
வயதானவர்களுக்கு ஐம்பது காசு.

சற்று யோசித்துவிட்டு
ஒரு வெள்ளியே கொடுத்தேன்.

போர் இன்னும் வராததால்
அந்த அறையில் எங்களுக்கு அரிசி மூட்டை,
கழுத்தொடிந்த மின்விசிறி,
போன தீபாவளியின் விளக்குச் சரம்.
எல்லாவற்றையும் இருபுறமும் தள்ளி
ஓர் ஆள் தவழ வழி விட்டிருந்தான்.
கூரைக்குக் கறுப்புப் போர்வை.

"குனிஞ்சு வாங்க. சுவரைத் தொடக்கூடாது.
உள்ளே பதினொரு டிகிரி."
சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் முகம் வியர்த்திருந்தது.
நடுங்கச் சொன்னான்.
நடுங்கினேன்.

"லாவாவுக்கு மேல்தோல்தான் முதல்ல ஆறும்.
உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும்.
வெளியே நிக்கிறவங்களுக்குத் தெரியாது.
ஒருநாள் மலை அனுப்புறதை நிறுத்திடும்.
ஓடினது எல்லாம் வடிஞ்சுபோய்
வெறும் குழாய் மட்டும் நிக்கும்."

அப்புறம்?

"அப்புறம் நாம டிக்கெட் வாங்கிட்டு வருவோம்."

சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு.
லாவா இந்த உயரம்வரை வந்தது,
பிறகு இது, பிறகு இது.
மூன்றாவது கோடு என் முழங்கால்.
முழங்கால் இரண்டும் எரிந்தன,
தவழ்ந்து எத்தனை காலமாயிற்று.

குகையின் முடிவில் டார்ச்சை நிறுத்தினான்.
"லாவாத் தூண்.
கூரையிலிருந்து ஒழுகி ஒழுகி
இப்படியே நின்னுடுச்சு."
என் மெரூன் சேலையைப் போர்த்திக்கொண்டு
நிமிர்ந்து நின்றது ஏதோ.
சேலைக்கு அடியில் இரண்டு சக்கரம்.
நீலப் பெட்டி.
ஜூனில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதாக
அவர் சொல்லிப் போனார்.
எங்கேடா இருந்தது இது?
"இங்கேயேதான். அரிசிக்குப் பின்னாடி."

ஏழு மாதமாக
அந்த மூட்டையிலிருந்துதான் அள்ளிப் பொங்கியிருக்கிறேன்.

கை தானாக நீண்டது.
"தொடாதீங்க! உடைஞ்சா
இன்னொண்ணு வர ஆயிரம் வருஷம் ஆகும்."
கையை எடுத்துக்கொண்டேன்.
வழிகாட்டி சொன்னால் கேட்க வேண்டும்.

"இப்ப விளக்கை அணைப்பேன்.
யாரும் பயப்படக்கூடாது."

இருட்டு. அரிசி வாசம். ரப்பர் வாசம்.
கீழ்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
இருட்டுக்குள் ஒரு சின்னக் கை
என் முழங்கையைக் கண்டுபிடித்து
இறுகப் பற்றியது.
யார் பயப்படக்கூடாது என்று
நான் கேட்கவில்லை.

வந்த வழியே பின்னோக்கித் தவழ்ந்து வெளியேறினோம்.
கதவுக்கு வெளியே செருப்புப் பெட்டிமேல் கடை.
விற்பனைக்கு ஒரே பொருள்:
எடுக்காதே என்று நான் சொல்லியும்
உபினிலிருந்து வந்துவிட்ட
கட்டைவிரல் அளவு கருங்கல்.
காற்சட்டைப் பையில் கிடந்த சூட்டோடு
என் உள்ளங்கையில் வைத்தான்.

விலை இரண்டு வெள்ளி.
சில்லறை இல்லையே என்றேன்.

"பரவாயில்லை.
பெட்டியை எடுக்க வரும்போது
அப்பாகிட்ட வாங்கிக்கிறேன்."