கால் மணி வெயில்

என் கிளினிக் கொப்பி நீலம்,
மகனுடையது சிவப்பு.
இரண்டும் ஒரே சொப்பிங் பேக்கில்
ஆணியில் தொங்குகின்றன.

நுவரெலியாவில் தோல் டொக்டர்
என் முகத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்தார்.
மூக்குக்கு இரண்டு பக்கமும்
சிறகு விரித்து உட்கார்ந்திருந்தது சிவப்பு.
"அவ்வ எபா" என்றார்.
வெயில் வேண்டாம்.
அத்தோடு போயிற்று என் பேர்,
மலையில் பதினெட்டுக் கிலோவுக்கு
கணக்கப்பிள்ளை போடும் பேர்.

மறு வியாழன் டிக்கோயாவில் பிள்ளை டொக்டர்
கிஷோபனை மேசையில் நிறுத்தப் பார்த்தார்.
ஒன்றரை வயது.
முழங்கால்களுக்கு நடுவே
ஒரு பால்மாப் பேணி புகும்.
"பாணி எழுதியிருக்கேன், தவறாம குடுங்க.
வெயிலும் காட்டுங்க, காலையில கால் மணி."
யார் காட்டுவது என்று கேட்டேன்.
"அம்மாதானே" என்றார்,
எழுதுவதை நிறுத்தாமல்.

ஆனி பிறந்தால் எங்கள் பக்கம்
எதிர் மலையே காணாமல் போகும்.
நனைந்த துணி நனைந்தபடியே நாறும்.
மூட்டம் இறங்கினால் எனக்கு விடுதலை என்றிருந்தேன்.
இல்லையாம்.
மூட்டத்துக்குள்ளாலும் வருமாம் அது,
உயரத்தில் இன்னும் கூடவாம்.
கண்ணுக்குத் தெரியாததற்கு
எந்தப் பக்கம் குடை பிடிப்பது?

நாத்தனார் புஷ்பமலருக்கு
பின்கழுத்து வெந்து கறுத்துக் கிடக்கிறது.
இவர் புறக்கோட்டையில்
துணிக்கடைக்குக் கீழே, டியூப் லைட்டில்,
காலை முதல் இரவு வரை சேலை மடிக்கிறார்.
போன தீபாவளிக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது
முளைவிட்ட பயறின் நிறம்.
அவளுக்கு மிச்சம், இவருக்கு இல்லை,
எனக்கு நஞ்சு, பிள்ளைக்கு மருந்து.
அரிசியென்றால்
சுண்டால் அளந்து பங்கு வைத்திருப்பேன்.

தை பிறந்த பிறகுதான்
எதிர் லயத்துத் தகரத்தைத் தாண்டி
எட்டேகாலுக்கு
எங்கள் இஸ்தோப்புக்கு வந்தது.
நிழல் முடிகிற இடத்தில்
கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன்:
அங்கிட்டு அவன், இங்கிட்டு நான்.
மறுநாள் கோடு கோட்டிலேயே இருந்தது,
வெயில் இரண்டு விரல் தள்ளி.

வாசலுக்கே இறங்கினேன்.
நீளக்கை சுவெட்டர், கறுப்புக் குடை.
படங்கை விரித்து, சட்டையைக் கழற்றி,
அவனை மட்டும் வெளியே வைத்தேன்.
பைப்படியில் பேச்சு எழும்பியது:
"புள்ளைய காயப் போட்டுட்டு
ஆத்தாக்காரி கொடைக்குள்ள, தொரைசாணியாட்டம்."
ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை.
சொல்லத் தொடங்கினால் கால் மணி போய்விடும்.

அவனுக்கு வெயில் பிடிக்கவில்லை.
கண்ணைச் சுருக்கி,
என் குடை நிழலைப் பார்த்துத் தவழ்ந்து வந்தான்.
நான் ஓரடி பின்னால் போனேன்.
நிழலும் வந்தது.
அவன் சிரித்தான், விளையாட்டென்று.
இன்னும் ஓரடி.
இப்படியே கோழிக்கூடு வரைக்கும் போய்விட்டோம்,
துரத்துகிறவனும் தப்புகிறவளும்.

கூட்டுக் கம்பியைப் பிடித்தான்.
ஏறினான்.
வளைந்த இரண்டு காலும் நடுங்க
நின்றான்.
பிறகு ஒரு கையை விட்டான்.
மற்றதையும்.

குடையைப் போட்டுவிட்டு ஓடச் சொல்லியது உடம்பு.
போடவில்லை.
ஒரு கையை மட்டும், முழங்கை மட்டும்,
வெளியே நீட்டினேன்.
அவ்வளவு கடன் வாங்கலாம் என்று
அந்த நேரத்தில் தோன்றியது.
ஓரடி. அரையடி.
என் விரல்மேல் விழுந்தான்.
முதுகு அடுப்புப் பக்கத்துச் சட்டிபோல
இளஞ்சூடாக இருந்தது.

ராத்திரி புறங்கை அரித்தது, சிவந்தும் இருந்தது.
நீலக் கொப்பியில் அதை எழுத இடமில்லை.
சிவப்பில், நடக்கிறதா என்ற கட்டத்துக்குள்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்,
அழிக்கவும் முடியும்படி.

நாளைக்கு மூட்டமாம்,
ரேடியோவில் சொன்னார்கள்.
சுவெட்டரைக் கழுவிப் போடவில்லை.