திரும்பும் நேரம்

சமையலறை மேசையில் வரைபடம்.
மடிப்பு கிழிந்த இடத்தில் ஓர் ஏரி பாதியாய் நிற்கிறது.
காப்பியை அதன்மேல் வைக்காதே என்கிறாள் ரான்வெய்க்.
ஏற்கெனவே வைத்துவிட்டேன்.

ஹார்டாங்கர்விட்டாவில் ஜூலையிலும்
வடக்குச் சரிவில் பனி கிடக்கும்.
மரம் இல்லை. ஒதுங்க ஒரு பாறை கிடைத்தால் அதிர்ஷ்டம்.
கற்குவியல்களில் சிவப்பாய் ஓர் எழுத்து வழி சொல்லும்,
மூடுபனி இறங்கினால்
அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

அவள் கணக்குப் போடுகிறாள்:
ஓடையைக் காலையிலேயே தாண்ட வேண்டும்,
வெயில் ஏறினால் உருகிய நீர் தொடைக்கு வரும்.
காற்று மேற்கே திரும்பினால் குடிலைவிட்டு நகரக்கூடாது.
ஒரு மணிக்குள் கணவாயை எட்டாவிட்டால்
கணவாய் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒன்றரை என்றுதான் எழுதியிருந்தாள்.
போன செப்டம்பரில் அந்த அரைமணியில்தான்
எய்லிஃபின் கையுறை பறந்தது,
பிறகு இரண்டு விரல்களில் உணர்ச்சி.
ரப்பர் துகளை ஊதித் தள்ளுகிறாள்.

கம்பளிச் சட்டை, திசைகாட்டி, உலர்ந்த காலுறை இன்னொரு ஜோடி.
என் முழங்கால் இந்த வருடம் வராது.
எனக்கு ஒரு துண்டுச் சீட்டு:
வியாழன் இரவு எட்டு. அழைப்பு இல்லையென்றால் இந்த எண்.
“எட்டேகால் வரை பார்க்கட்டுமா?”
“எட்டு.”

புது வரைபடம் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள்.
கறைபட்டது என்னிடம்.
காப்பி வட்டத்துக்குள் சரியாக அந்தக் கணவாய்.

இன்று புதன். ஜன்னல் கொக்கி ஆடுகிறது,
மேற்குக் காற்று.
பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
திரும்பு, என்கிறேன் கறையிடம்.