அனுப்ப மட்டும்

உவரி ஐஸ் பிளான்ட்டில்
உப்புக்காற்று அரித்த இரும்பு அலமாரிக்குள்
உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி.
டெபியன். அதற்குமேல் ஒன்றும் ஏற்றவில்லை,
திரைகூடக் கிடையாது.

போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு
தன் குரலை மட்டும் கேட்டுக்கொள் என்று
ஒரு வரி எழுதினேன்.
வெளியே யார் வந்து தட்டினாலும்
தட்டுவதற்குக் கதவே இல்லை.

இருபத்தைந்தாம் போர்ட்டை
நெட்காரன் அடைத்து வைத்திருந்தான்.
ஐந்நூற்று எண்பத்தேழு வழியே சுற்றிப்போய்
ரிலேயிடம் கடவுச்சொல் காட்டி
முதல் மெயில் போய்ச் சேர்ந்தது,
ஸ்பேமில்.
டொமைனில் எஸ்.பி.எஃப் வரியைத் திருத்தி முடித்தபோது
கரையில் வள்ளம் தள்ளும் சத்தம்.

மூன்றாவது வாரம் பிரிசில்லா போனில் வந்தாள்.
"ரெண்டாம் ரூம்ல குளிர் கொறையுதுன்னு
நேத்து ராத்திரி ஒண்ணரைக்கு ஒங்க பெட்டி எழுதுச்சு.
ஓடிப்போய்ப் பாத்தா
கதவு இடுக்குல சீலா வால் மாட்டிக் கெடக்கு.
எடுத்துப்போட்டுட்டு
'பாத்துட்டேன், இனி பயமில்ல'ன்னு பதில் போட்டேன்.
அது திரும்பி வந்துட்டு."

அதுக்குக் காது கிடையாதும்மா, என்றேன்.
சொல்லும், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம்
கம்ப்ரஸர் இரைச்சல் மட்டும் கேட்டது.
"அப்ப அது இன்னும்
பதறிக்கிட்டுல்லா இருக்கும்?"

லாக்கைத் திறந்து பார்த்தேன்.
ஒண்ணரைக்கு ஒன்று. அதன்பின் எதுவுமில்லை.

ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்தேன்:
குளிர் திரும்பினால்
அதையும் எழுது.

வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்தது.
விடிகாலை நாலு பத்துக்கு
அவளுக்கு ஒன்று, நகல் எனக்கு:
அறை இரண்டு. மைனஸ் பதினெட்டு.