இறங்கிய நேரம்

இந்தச் சனிக்கிழமை நேரம் எழுதுவது என் முறை.
பெனாலா ஓடுதள ஓரத்தில் மடக்கு மேசை,
தாள் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு ஸ்பானர்.
கிளைடருக்கு எஞ்சின் கிடையாது,
கணக்கு உண்டு.

காலையில் மார்கிட்டின் இறக்கை நுனியைப் பிடித்து
நான்தான் ஓடினேன்.
பத்தடி, இருபதடி,
பிறகு கையில் ஒன்றுமில்லை.

மூன்று மணிக்கு மற்றவர்கள் தரையில்.
டெஸ்மண்ட் சாசேஜைப் புரட்டியபடி
சந்தா பாக்கிகளை ஞாபகப்படுத்துகிறார்.
புதிதாய்ச் சேர்ந்த கோர்மக் வாந்திப் பையை
முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்துப்போகிறான்;
எல்லாரும் வானத்தைப் பார்க்கிறோம்.
மார்கிட்டின் வரிசையில் மட்டும்
கடைசிக் கட்டம் வெள்ளையாக இருக்கிறது.

நாலு. நாலரை.
ரேடியோவின் இரைச்சலைக் கூட்டிவைத்தார் டெஸ்மண்ட்.
வெங்காயம் கருகியது, யாரும் கிளறவில்லை.
மதியமெல்லாம் வட்டமிட்ட பருந்துகூட
வேலிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஐந்து பத்துக்குப் போன்.
"யூரோவா தாண்டி ஒரு மேய்ச்சல் நிலம். எனக்கொன்றுமில்லை.
கன்றுகள் இறக்கையை நக்குகின்றன,
டிரெய்லரோடு சீக்கிரம் வாங்க.
கேட்டை மட்டும் மறக்காமல் மூடச் சொல்கிறார் நிலக்காரர்."

கழற்றிய இறக்கையின் அதே நுனி என் கையில்.
இப்போது ஓட்டமில்லை;
டார்ச் வெளிச்சத்தில் சாணம் விலக்கி விலக்கி நடை.
காயாத எச்சில் விரலில் பிசுபிசுக்கிறது.
எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று கேட்டேன்.
"யார் பார்த்தது? மாடுகள் எழுந்து நின்ற நேரம்."
அப்படியே எழுதிக்கொண்டேன்.

நெடுஞ்சாலை ஏறி, ஹீட்டர் சூடாகி,
கோர்மக் தூங்கியும்விட்டான்.
டெஸ்மண்ட் மெல்லக் கேட்டார்:
கேட்டை மூடினது யாரு?