முதலில் தன் பக்கத்தில்

ராமநாதபுரம் கேணிக்கரை மாடி அறையில்
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
தராசிடம் எண்ணை வாங்கும்,
அன்றைய விலையால் பெருக்கும்,
முன்பணத்தைக் கழித்துச்
சீட்டு அடிக்கும்.
மொத்தம் இரண்டு எம்பிகூட இல்லை.
அந்தச் சின்ன உருவத்தில் எனக்கொரு கர்வம்.
பென் டிரைவில் போட்டுக்கொண்டு
மண்டபம் பேருந்தில் ஏறினேன்.

நம்புசேகரனின் நண்டுக் கொட்டகை.
இணையம் கிடையாது,
கச்சான் எழும்பினால் செல்போன் கோபுரமும் படுத்துவிடும்.
கணினியின் முதுகில் உப்பு பூத்திருந்தது.
விசைப்பலகையில் ஐந்தாம் எண் இருந்த இடத்தில் பள்ளம்.
வரிசையில் ஏழு கூடைகள்,
உள்ளே ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு நண்டுகள்.
உயிரோடு தராசேறினால் ஒரு விலை,
அசைவு நின்றால் பாதி.

இருமுறை சொடுக்கினேன்.
ஒரு பெட்டி வந்து நடுவில் நின்றது:
தொடங்க முடியவில்லை.
இன்ன டிஎல்எல் இந்தக் கணினியில் இல்லை.
மறுபடி நிறுவிப் பாருங்கள்.

"என்ன இல்லையாம்?" என்றாள் கித்தேரி,
எடைச்சீட்டு எழுதுகிறவள்.
எப்படிச் சொல்வது.
நான் எழுதாத ஒன்று இல்லையாம்.
கூப்பிடுகிறேன் என்றே தெரியாமல்
வரிக்கு வரி நான் கூப்பிட்டிருந்த ஒன்று.
என் அறையில் அது எப்போதும் இருந்தது.
ஏதோ ஒரு விளையாட்டோ அச்சுப்பொறியோ
என்றைக்கோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது.
நான் அதைக் கண்டதில்லை,
அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அரைமணி பொறுத்தாள்.
பிறகு பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.
பழைய நோட்டு. பன்னிரண்டே கால். பதினொன்று எழுநூறு.

ரயிலடி ஜெராக்ஸ் கடையில் நிறுவியை இறக்கி
ஓட்டமாய் வந்து போட்டேன்.
வெற்றி என்றது. சொடுக்கினேன்.
அதே பெட்டி. எழுத்துகூட மாறவில்லை.

கணினி அறுபத்துநாலு பிட்.
நான் இறக்கியதும் அறுபத்துநாலு.
என் நிரல் மட்டும் முப்பத்திரண்டு,
ஏனென்றால் தராசோடு பேசும் கோப்பை
அதைச் செய்த கம்பெனி அதோடு நிறுத்திக்கொண்டது,
பிறகு கம்பெனியும் நின்றுபோனது.
வீட்டில் ஆள் இருக்கிறார்,
நான் தட்டிய கதவு வேறு.

வெளியே ஒரு வல்லத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்:
ஐஸ், தண்ணீர்க் கேன், அரிசி,
மாற்று பிளக், அதற்கொரு மாற்று.
உவமை சொல்ல எனக்கு நேரமில்லை.
கடைசிப் பேருந்து ஆறு நாற்பதுக்கு.

அன்றிரவு உரிமப் பக்கத்தை முதன்முறையாக முழுதும் வாசித்தேன்.
கூடவே கொடுக்கலாம், அனுமதி உண்டு.
எதுவும் நிறுவாத வெறும் கணினியை
இரவல் வாங்கி எதிரில் வைத்தேன்.
அது ஒவ்வொன்றாய்க் குறை சொல்ல,
ஒவ்வொன்றாய் எடுத்துவைத்தேன்.
நிரல் தேடத் தொடங்குவது
பெரும்பாலும் தான் இருக்கும் கோப்புறையில்தான்,
ஊரெல்லாம் அலைவது அப்புறம்.
காலை மூன்றுக்குக் குறை சொல்ல அதற்கு ஒன்றுமில்லை.
முப்பத்தொரு எம்பி.
என் கர்வத்தின் எடை எவ்வளவென்று
கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் முதல் சீட்டு வந்தது,
கொஞ்சம் சாய்வாக.
பெண்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்,
தொகையை மட்டும் வாசித்து இடுப்பில் செருகினார்கள்.
நேற்றைய அரைமணியில் அசைவு விட்ட மூன்று நண்டுக்கான பாதி விலையை
என் கூலியில் கழிக்கச் சொன்னேன்.
நம்புசேகரன் ஏற்கெனவே கழித்திருந்தார்.

கித்தேரி சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்,
கொடுத்துவிட்டு நோட்டிலும் எழுதினாள்.
"அதுதான் ஓடுகிறதே" என்றேன்.
"கரண்ட் போனா?"
அதற்கு என் கோப்புறையில் ஒன்றுமில்லை.
பேனாவை அவள்
விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.