பாகைக்கு ஐந்து சென்ரிமீற்றர்

முதலாம் குறுக்குத்தெருவில்
ஹில்மி நானா எண்ணித் தந்தது பன்னிரண்டு.
"எல்லாம் ஒரே சாமான்தான் தங்கச்சி,
ஒரே பெட்டி" என்றார்.

வெள்ளவத்தைக்கு வந்து
மேசையில் கவிழ்த்தால்
பன்னிரண்டு நீலக் கூடு,
பன்னிரண்டு தனிக் குணம்.

வேலை சின்னது.
காலி வீதி விளையாட்டுச் சாமான் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு முதலை இமைக்க வேண்டும்.
இரண்டு இமைக்கும் இரண்டு சேர்வோ.
ஒன்று முந்தி ஒன்று பிந்தினால்
முதலை கண்ணடிக்கும்,
முதலாளிக்கு அது பிடிக்காது.

சேர்வோவின் கையில் லேசரைக் கட்டி
எதிர்ச்சுவரில் தாள் ஒட்டி
மேசையை அரக்கி அரக்கி நிறுத்தினேன்
இரண்டு மீற்றர் எண்பத்தேழில்.
அந்தத் தூரத்தில்
ஒரு பாகை பிசகினால்
ஐந்து சென்ரிமீற்றர் காட்டிக்கொடுக்கும்.
(நடுவில் மட்டும். ஓரங்களில்
சுவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.)

ஆயிரத்து ஐந்நூறு மைக்ரோசெக்கன். நடு.
முதலாவது வந்து நின்றது,
கொஞ்சம் அசதியோடு.
இரண்டாவது நின்ற பிறகும் நடுங்கியது.
மூன்றாவது
இடமிருந்து வந்தால் ஓரிடம்
வலமிருந்து வந்தால் வேறிடம்:
ஒரே வீட்டுக்கு
காலி வீதியால் வருகிறவன் ஒரு வழியும்
கடற்கரை வீதியால் வருகிறவன் இன்னொன்றும்
சொல்வதைப்போல.
ஏழாவது உள்ளே எங்கோ பல்லுடைந்து
கடலை கொறித்தது.

ஒன்பதரைக்குக் கதவு தட்டல்.
மேல்மாடி சந்திரகாசன்.
ராத்திரியில் என்ன நுளம்புச் சத்தம் என்று
கேட்க வந்தவர்
பாதி வசனத்தில்
சுவரில் சிவப்புப் புள்ளியைக் கண்டார்.

ஒன்றும் சொல்லவில்லை.
தோள் மட்டும் குறுகியது.
கதவு நிலையோடு ஒட்டி
அது போகும் கோட்டுக்கு வெளியே
நின்றார்.

லேசரை நிற்பாட்டினேன்.
முதலையைச் சொன்னேன், இமையைச் சொன்னேன்,
பன்னிரண்டின் விலையைக்கூடச் சொன்னேன்
தேவையில்லாமல்.

"போடுங்கோ" என்றார் கனநேரம் கழித்து.
"நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

கணக்காய்வுத் திணைக்களத்தில் இருந்த கை.
எண்களுக்குத் தலைப்பு,
தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு.
ஒவ்வொன்றும் இருபது தரம்,
இடமிருந்து பத்து, வலமிருந்து பத்து.
கடைசி ரெயில் போனபோது
சுவரே எழுந்து உட்கார்ந்தது.
அந்த வரியில் "ரெயில்" என்று எழுதி
நேர்த்தியாக வெட்டினார்.

அச்சொட்டாக நின்றது ஒன்றே ஒன்று, ஐந்தாவது.
அதற்குச் சோடி இல்லை.
திரும்பப் பெட்டிக்குள் போட்டேன்.
நாலும் பதினொன்றும்
இருபது தரமும்
இரண்டு சென்ரிமீற்றர் இடப்பக்கம்
பிழைத்தன.

"பிழைச்சதுகள் ரெண்டும் பாஸோ?"
அட்டவணையைத் திருப்பிப் பார்த்தார்.
"ஒரேமாதிரிப் பிழைச்சால் பாஸ்.
கழிக்கிறதுக்கு ஒரு வரி போதும்."
அவர் அதை எழுதவில்லை.
பேனையை மூடினார்.

போகும்போதும் சுவரோரமாகத்தான் போனார்.
நாலாவதை நிறுத்த மறந்திருந்தேன்.
புள்ளி மெல்ல வந்து
அவர் சேர்ட் பொக்கற்றில் நின்றது.
அவர் நகரவில்லை.
குனிந்து பார்த்தார்,
பேனை ஒழுகியதோ என்று பார்ப்பவர்போல.

"இப்ப நான் எத்தனை பாகை?"

"அளக்கேலாது" என்றேன்.
"நீங்கள் சுவரைவிடக் கிட்ட நிக்கிறியள்."