தண்ணீர் மட்டம்

வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே
பதினோராவது தூண்.
வேலை உத்தரவில் இருந்தது:
ஆறு ஒன்று, நிறைய தண்ணீருடன்.
மயில் இரண்டு. கோபுரம் ஒன்று.
சதுர அடிக்கு நாற்பத்திரண்டு ரூபாய், ஏணி நம்முடையது.

ஆற்றை ஜெபக்கனி எடுத்துக்கொண்டாள்.
எனக்கு அடுத்த தூணும் மயிலும்.

தலைக்கு மேல் லாரி போகும்போதெல்லாம்
தூரிகை ஒரு நூல் நகரும்.
"அலைக்கு அது நல்லதுதாம்லே" என்பாள்.
மூன்று நாளில் தூணின் பாதிக்கு மேல்
ஐப்பசி வெள்ளம்.
நீலம் இரண்டு வாளி காலி.

நாலாம் நாள் காலை வெள்ளத்தின் நடுவில்
ஒருத்தன் நிற்கிறான்.
கண்ணீர் அஞ்சலி.
மைதாப் பசை இன்னும் காயவில்லை.
சுடலைமணி, வயது பத்தொன்பது,
யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம்,
பின்னால் ஒட்டவைத்த மேகம், புறா.
கீழே இரண்டு வரிசை நண்பர்கள்,
எல்லோரும் கூலிங் கிளாஸில்.

எப்படி என்று போஸ்டரில் இல்லை.
டீக்கடை அண்ணாச்சி சொன்னார்:
குறுக்குத்துறை. ஞாயிற்றுக்கிழமை.
நீச்சல் தெரியும்னு சொல்லியிருக்கான்.

காண்ட்ராக்டர் போனில் கத்தினார்:
"வியாழக்கிழமை கமிஷனர் வாறாரு, கிழிச்சுப் போடுங்க."
தண்ணீர் தெளித்து, தகட்டால்,
நண்பர்களிலிருந்து தொடங்கினாள்.
லேசாக வந்தார்கள்,
கண்ணாடியோடு, ஒவ்வொருத்தராக.
அவன் நெஞ்சருகே தகடு நின்றது.

"கொஞ்சம் மணல் நிறம் கலந்து தாறியா?"

அன்றைக்கு முழுக்க ஆற்றை இறக்கினாள்.
நண்பர்கள் இருந்த இடத்தில் இடுப்பு வந்தது,
மடித்துக் கட்டிய சாரம்,
முழங்கால், அதில் ஒரு பழைய காயம்.
மேகத்தை விட்டுவைத்தாள். புறாவை அழித்தாள்.
வெள்ளம் இருந்த இடமெல்லாம் பாறை, மணல்,
ஒற்றைச் செருப்பு.
தண்ணீர் கணுக்காலில் மட்டும்.

வியாழக்கிழமை கமிஷனர் வரவில்லை,
உதவிப் பொறியாளர் வந்தார், டேப்போடு.
"நிறைய தண்ணின்னுல்லா போட்டிருக்கு?"
"இது மே மாசம் சார்."
"ஆளு யாரு?"
"குளிக்க வந்தவன்."
பில்லில் ஒரு வாளி நீலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் ராத்திரி.
கோபுரம் இன்னும் பாக்கி, மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தோம்.
மூன்று பைக்கில் பையன்கள்.
கண்ணாடி இல்லாத முகங்களை
அடையாளம் பிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.
ஆற்றின் முன்னால் நின்றார்கள்.
ஒருத்தன் அந்த முழங்கால் காயத்தில் விரல் வைத்து
"இது எப்படித் தெரியும்?" என்றான், யாரிடமோ.
ஜெபக்கனி திரும்பவில்லை.

பிறகு பசை வாளியைத் தூக்கிக்கொண்டு
அடுத்த தூணுக்கு நகர்ந்தார்கள்.
என் மயில்.
தோகைக்கு மட்டும் இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஏணி வேணுமாலே, என்று கேட்டேன்.